பொழுது இறங்குவதற்குள்

காய் பெரியது, முப்பது கிலோவுக்குக் குறையாது. கலைச்செல்வி இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். பலாக்காயைப் பாதங்களுக்கு இடையில் நிறுத்திக் கத்தியை இறக்கினாள். வெட்டிய வாயிலிருந்து பால் கசிந்து கத்தியைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் போடாமல் தொட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. அவள் கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, காயைப் பிளந்து, நடுத்தண்டை அரிந்து எறிந்தாள். சுளைகளைப் பிய்த்துக் கொட்டையை ஒரு கூடையிலும் சுளையை ஒரு கூடையிலும் போட்டுவிட்டு அடுத்த காயை உருட்டி இழுத்தாள்.

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ரோட்டோரம் இருந்த அந்தச் சிப்ஸ் ஷெட்டில் ஏழு பெண்கள் வேலை செய்தார்கள். நான்கு பேர் காய் அறுக்க, இரண்டு பேர் சுளையைச் சீவ, ஒருத்தி கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வறுக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் அன்றைக்கு இறக்கிய காய் தீரும்வரை வேலை. காய் தீர ஏழு மணியாகும், சில நாள் ஏழேகால். கூலி முந்நூற்றைம்பது. சித்திரை பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. பலாவுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது என்பார் முதலாளி.

ஷெட்டுக்கு மேற்கே ஒரு கரடு, மொட்டைப் பாறைக்குன்று, சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. நாலரை மணிக்கெல்லாம் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். தோல் குவித்த வாசல், ரோடு, அந்தப் பக்கத்து மரவள்ளிக் காடு எல்லாம் நிழலாகிவிடும். அந்தப் பள்ளத்து ஜனங்களுக்குப் பொழுது இறங்குவது என்றால் அதுதான். அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். ஆனால் அது யார் கணக்கிலும் சேராது. காட்டில் களை வெட்டுகிறவர்கள் களைக்கொத்தைக் கழுவிவிடுவார்கள், மாடுகள் தானாகத் திரும்பும். ஷெட்டில் மட்டும் அதற்கு மேலும் வேலை நடந்தது.

ஐந்து மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கலைச்செல்வி தலையைத் தூக்கவில்லை. அவளுடைய ஊர் குண்டூர் நாட்டுப் பக்கம், ஏழு கிலோமீட்டர். மற்ற ஆறு பேரும் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். அந்த பஸ்ஸை விட்டால் அவளுக்கு நடைதான், வீடு போய்ச் சேர எட்டரை ஆகிவிடும்.

வீட்டில் சின்னராசு படுத்திருந்தான். போன வருடம் மாசியில் மிளகு பறிக்கும்போது ஏணி நழுவி, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வைகாசி ஆரம்பத்தில் வால் எலும்புக்கு மேலே தோல் கறுத்து, பிறகு வாய் திறந்துவிட்டது. ஊருக்கு வரும் நர்ஸம்மா அது படுக்கைப் புண் என்று சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், ஈரத்தில் கிடக்க விடக்கூடாது, இல்லையென்றால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளும் கலைச்செல்விதான். மகள் பள்ளிக்கூட விடுதியில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் மத்தியானம் கஞ்சி ஊற்றுவாள், தனியாகத் திருப்பிப் போட அவளுக்குத் தெம்பு கிடையாது. ஆக, காலை ஆறே முக்காலுக்குக் கலைச்செல்வி எப்படிப் படுக்க வைத்துவிட்டுப் போனாளோ அப்படியேதான் இரவு எட்டரைக்கு அவன் கிடப்பான்.

முதலாளி பொங்கியண்ணன் அடிவாரத்துக்காரர். கீழே தோட்டம், கிணறு எல்லாம் உண்டு. பலா சீசனுக்கு மட்டும் தினமும் வளைவுகளில் வேனை ஓட்டிக்கொண்டு மேலே வருவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், பெண்களிடம் குரலை உயர்த்திப் பேசமாட்டார். செவ்வாய்க்கிழமை அவர் சிப்ஸ் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங் மொதலாளி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு அம்மிணி."

"எனக்குக் கூலியக் கொறைச்சுக்குங்க. கொஞ்சம் நேரமே உட்ருங்க."

பொங்கியண்ணன் மூட்டையைத் தராசிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். கூலியைக் கூட்டிக் கேட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "கூலியக் கொறைக்கச் சொல்லி இப்பத்தான் ஒரு ஆளப் பாக்கறேன்" என்று சிரித்தார். எண்ணெய்ச் சட்டிக்காரியும் சிரித்தாள்.

"ஊட்டுக்காரருக்குப் புண்ணு வெச்சிருச்சுங்க. திருப்பிப் போட ஆளில்லீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பாவந்தான். ஆனா உன்ன மட்டும் உட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நாலு பேரு அறுக்கற எடத்துல ஒருத்தி எந்திரிச்சுப் போனா சட்டி சும்மா எரியும். உட்டா எல்லாத்தையும் உடோணும். ஏழு பேரும் கூடிப் பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பாக்கலாம்."

மத்தியானச் சோற்றின்போது கலைச்செல்வி பேச்சை எடுத்தாள். ஆளுக்கு நூறு ரூபாய் விட்டுக் கொடுத்தால் முதலாளி பொழுது இறங்க விட்டுவிடுவார் என்றாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவளுக்கு வேண்டிய இரண்டு மணி நேரத்துக்கு ஆறு பேர் காசு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அவள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அருள்மொழிக்குச் சம்மதம். வீட்டில் இரண்டு கறவை, பொழுதிருக்கப் போனால் தானே பால் பீய்ச்சலாம். இன்னும் இரண்டு பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். இருட்டில் போய் அடுப்புப் பற்றவைத்து அலுத்தவர்கள். சட்டிக்காரியும் அவள் அக்காளும் சங்கீதாவைப் பார்த்தார்கள். சங்கீதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள், மாதா மாதம் பணம் அனுப்ப வேண்டும்.

"நூறு ரூவா ஆரு ஊட்டுக் காசு?" என்றாள் சங்கீதா கடைசியில்.

கலைச்செல்வி குனிந்து சோற்றைப் பிசைந்தாள். சங்கீதா மறுபடியும் கேட்டாள்.

"புண்ணு எம்மட்டு இருக்குது?"

கலைச்செல்வி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள்.

சங்கீதா கையைக் கழுவினாள். "எங்கப்பனுக்கும் இதேதான் வந்துச்சு. நாத்தத்துக்கு ஒருத்தரும் கிட்டப் போவல. நானுந்தான் போவல." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நூறெல்லாம் வேண்டாம். எம்பதுன்னு எழுது. எழுதித் தொலை."

அருள்மொழி பத்தாவது வரை படித்தவள். எடை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். "நாலரை மணிக்குன்னு போடட்டுமாக்கா?"

"மணி போடாத" என்றாள் சங்கீதா. கூலி விவகாரத்தில் அவளைவிடச் சூட்சுமம் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. "நாலரைன்னு பாத்தா அந்தாளு உடனே ஏழுல நாலரை போனா எவ்வளவுன்னு விரல மடக்குவாரு. பொழுது எறங்கறதுக்குள்ளன்னு எழுது. இந்த ஊருல அதான வழக்கம்? படிக்கறப்பவே நாயமாத் தெரியும்."

எல்லோருக்கும் அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. 'பொழுது இறங்குவதற்குள் எங்களை வேலை விட வேண்டியது. அதற்காக நாள் கூலியில் எண்பது ரூபாய் குறைத்துக்கொள்ள ஏழு பேருக்கும் சம்மதம்' என்று அருள்மொழி குண்டு குண்டாக எழுதினாள். எண்ணெய் விரல்களோடு ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பொங்கியண்ணன் இரண்டு தடவை படித்தார். "அட, பொழுது எறங்கறதுக்குள்ளதான? அதுக்கென்ன, தாராளமா" என்று கீழே தன் கையெழுத்தையும் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து என்று முடிவாயிற்று. இவ்வளவு லேசாக முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் சங்கீதா தன் பங்கு வறுத்த கொட்டையைக் கலைச்செல்வியின் முந்தானையில் கொட்டி, "அவருக்குக் கொண்டு போ" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கலைச்செல்வி புறப்படும்போது சின்னராசுவிடம் சொன்னாள். "இன்னிலிருந்து அஞ்சரைக்கு வந்துருவேன். சுடுதண்ணி வெச்சு ஒடம்பு தொடச்சு, வாசலப் பாக்கத் திருப்பிப் போடறேன். ரோட்டுல ஆரு போறாங்கன்னு பாத்துட்டுப் படுத்திருக்கலாம்."

"எம்பது ரூவா போவுதே, புள்ள."

"போனாப் போவுது. நீங்க இருக்கோணுமில்ல."

கரட்டின் நிழல் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் ஏழு பேரும் எழுந்தார்கள். கத்திகளைத் துடைத்து வைத்தார்கள். அருள்மொழி மண்ணெண்ணெய்த் துணியை ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தாள். கலைச்செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். வேனை உள்ளே திருப்பிய பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்க எல்லாரும் கெளம்பிட்டீங்க? டீ குடிக்கவா?"

"ஊட்டுக்குங்க. பொழுது எறங்கிருச்சுங்களே" என்றாள் அருள்மொழி.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"மணி நாலரைம்மா."

"ஆமாங்க. நாலரைக்குத்தானுங்க பொழுது எறங்கும்."

"பொழுது எறங்கறது ஆறரைக்கு மேல." அவர் உள்ளே போய்த் தூணில் தொங்கிய தினசரிக் காலண்டரில் விரலை வைத்தார். "இங்க பாரு, போட்டிருக்குது. அஸ்தமனம் ஆறு முப்பத்தெட்டு."

"எங்க பொழுது அந்தக் கரட்டுக்குப் பின்னால போச்சுங்களே" என்று சங்கீதா கையை நீட்டிக் காட்டினாள். "கண்ணுல தெரியுதில்லீங்களா?"

"உங்கூருக்கு ஒரு சூரியன், எங்கூருக்கு ஒரு சூரியனா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. முகத்தில் அது தெரிந்தது. "ஏழு, ஏழேகாலுன்னு இழுக்குதே, இருட்டறதுக்குள்ள உடச் சொல்றாங்கன்னுதான நான் நெனச்சேன். நாலரைன்னு எழுதியிருந்தா கையெழுத்தே போட்டிருக்கமாட்டனே. நாலரைக்கு உட்டா நான் சிப்ஸ் போடறதா, சாமி கும்படறதா?"

"அப்ப அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க" என்றாள் சங்கீதா. "பழைய கூலி குடுங்க. ஏழு மணி வரைக்கும் இருக்கறோம்."

பொங்கியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சங்கடப்படுகிற மனிதர் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார். "அது முடியாதும்மா. கூலி கொறையுதேன்னு சேலத்துக் கடைக்காரங்கிட்ட கிலோவுக்கு வெல எறக்கி ஒத்துக்கிட்டேன். ஆவணி வரைக்கும் அதே வெலதான். இப்பப் போயிக் கூட்டிக் கேட்டா வேற ஆளுகிட்ட எடுத்துக்குவான். ஆறு முப்பத்தெட்டுக்கு டான்னு உட்டர்றேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க வேண்டாம். எழுதுனபடி நடந்துக்கறேன்."

பேச்சு இழுத்துக்கொண்டே போய், ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வாசலில் பெண்கள் நிற்பதைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தான். யாரும் கை காட்டாததால் போய்விட்டான். கலைச்செல்வி பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

சொன்னபடி ஆறு முப்பத்தெட்டுக்குப் பொங்கியண்ணனே வந்து சட்டிக்கு அடியில் கேஸை அணைத்தார். பெண்களுக்கு மிச்சமானது முக்கால் மணியும் இல்லாத நேரம். கலைச்செல்வி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனாள். சின்னராசு ஈரத்தில் கிடந்தான். அவள் பல்பைப் போட்டுத் துணியை மாற்றினாள்.

அடுத்த நாளிலிருந்து ஷெட்டில் பேச்சு நின்றுபோனது. வேறு வேலைக்குப் போகவும் வழியில்லை. மிளகுக்குத் தை வர வேண்டும், மரவள்ளி பிடுங்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. சங்கீதாவின் மகள் தொலைபேசியில் பணம் கேட்டபோது சங்கீதா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொழுது எறங்கட்டும் சாமி, அனுப்பறேன்" என்றாள். மணி போடாதே என்று சொன்னது சங்கீதாதான். அதை அவளிடம் சொல்லிக்காட்டக் கலைச்செல்விக்கு ஒரு தடவைகூட வாய் வரவில்லை. தன்னால்தான் ஆறு குடும்பத்துக்கும் எண்பது ரூபாய் போயிற்று என்ற எண்ணம் காய் பிளக்கும்போதும் பஸ் போகும்போதும் அவளை அறுத்தது.

எட்டு நாள் பார்த்தாள். புண்ணிலிருந்து வருகிற நாற்றம் வாசல்வரை வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் பொங்கியண்ணனிடம் போய் நின்றாள்.

"அவங்களுக்கு என்ன கூலி வேணுமின்னாலும் நீங்க பாத்துப் போடுங்க. எனக்கு என்ன கொறைச்சாலும் சரிங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்கு என்னைய உட்ருங்க."

அவர் கூலி நோட்டைப் புரட்டினார். "அரையாளாப் போட்டுக்கறேன். அப்படின்னா மத்தவங்க கேக்கமாட்டாங்க. அரையாளுக்கு நூத்தம்பது. அதுக்கு மேல என்னால முடியாது, அம்மிணி."

"சரிங்க."

காலை எட்டு மணியிலிருந்து நாலரை வரைக்கும் அரையாள். அன்றைக்கே நோட்டில் அவள் பெயருக்கு நேராக 'அரை' என்று எழுதினார்.

நிழல் ரோட்டுக்கு வந்ததும் அவள் மட்டும் எழுந்தாள். மற்றவர்களின் கத்திகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்த் துணி எங்கே என்று கேட்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. தானே தேடி எடுத்து, பிசுக்குப் போகும்வரை நிதானமாகக் கையைத் துடைத்தாள். பையை எடுக்கும்போது சங்கீதா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எங்க எம்பது ரூவாயுஞ் சேத்துத்தான் நீ பஸ் ஏறற. நல்லாரு."

கலைச்செல்வி நின்றாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது, ஓடினாள்.

மேட்டுக்கு ஏறியதும் பஸ்ஸுக்குள் வெயில் விழுந்தது. அவள் ஊர் மேற்குச் சரிவில் இருந்தது, அங்கே இன்னும் நல்ல பொழுது. வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த சென்னம்மாள் அவளைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன சாமி, இந்நேரத்துக்கு வந்துட்ட? வேலைய உட்டு நிறுத்திப்புட்டாங்களா?"

"இல்லக்கா. நேரமே உட்டாங்க."

கதவைத் திறந்து வைத்தாள். விறகடுப்பில் தண்ணீர் காய்ந்தது. வேம்பு போட்டு இறக்கி, பழைய வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். சின்னராசுவின் முகம் தெளிந்திருந்தது. ஒரு வாரத் தாடியோடு சிரித்தான்.

"வெயில் போறதுக்குள்ள வந்துட்டயே, புள்ள."

"சொன்னனில்ல."

அவன் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் போட்டாள். மேற்கு வெயில் வாசல் வழியாக நேராக அவன் முதுகில் விழுந்தது. புண் வாய் திறந்த நாளிலிருந்து அவள் விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பிறகும் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறாள். கரண்ட் குறைந்த மஞ்சள் பல்பில் துடைத்து, மருந்து வைத்து, பஞ்சை அழுத்திக் கட்டியிருக்கிறாள். இப்போது கட்டைப் பிரித்து வெந்நீர்த் துணியால் சீழை ஒற்றி எடுத்தாள். ஓரங்கள் கறுத்திருந்தன. நடுவில் குழி ஆழமாகப் போயிருந்தது. குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

காலையில் வைத்த பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். துணி நுனியால் துடைத்தாள், வரவில்லை. வலிக்குமோ என்று பழக்கத்தில் ஒரு கணம் தயங்கிவிட்டு, இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். அது கெட்டியாக இருந்தது. அசையவில்லை. நகத்தால் நிமிண்டினாள், எலும்பில் நகம் படுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி சூடு பதமா இருக்குதா?" என்றான் சின்னராசு சுவரைப் பார்த்தபடி. "எனக்குத் தெரியல. நீதான் பாத்துக்கோணும்."